த்ரோபால் குழுவா, கூடைப்பந்து கோர்ட்டா? தர்மபுரியில் நெட்பால் ஆடத் தொடங்க எது சரி

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நெட்பால் பற்றி என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் பள்ளியிலோ கல்லூரியிலோ ஏதாவது ஒரு ஆட்டம் ஆடியவர்கள். பிறகு படிப்பு, வேலை, கல்யாணம், குழந்தை என்று பந்தைத் தொடாமல் வருஷங்கள் ஓடியிருக்கும். இப்போது மறுபடி ஆட ஆசை. "எங்க போய்ச் சேர்றதுங்க்கா?" என்பதுதான் முதல் கேள்வி. ஷட்டில் என்றால் இண்டோர் கோர்ட்டில் மாதக் கட்டணம் கட்டிச் சேரலாம். நெட்பாலில் சேருவதைவிடத் தொடங்குவதுதான் நம் ஊரில் நடக்கக்கூடிய காரியம். தொடங்க நாலு வழி இருக்கிறது: கூடைப்பந்து கோர்ட்டில் ஒட்டிக்கொள்வது, ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கிற த்ரோபால் குழுவைத் திருப்புவது, பள்ளி மைதானத்தில் புதிதாக ஒரு குழு சேர்ப்பது, ஓசூர் பெங்களூரு பக்கம் போய் ஆடுவது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போகிற அல்லது வீட்டைப் பார்த்துக்கொள்கிற பெண்களுக்கு த்ரோபால் குழுவைத் திருப்புவதுதான் சரி. கல்லூரி மாணவிகளுக்கும் ஓசூரில் ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கும் இந்தக் கணக்கு வேறு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஆட்டத்தின் விதிகளில் இந்தத் தேர்வுக்கு வேண்டியதை மட்டும் பார்த்துவிடலாம். நெட்பால் என்பது பந்தைக் கைமாற்றிக் கொண்டுபோய், கம்பத்து உச்சியில் உள்ள வளையத்துக்குள் போடுகிற ஆட்டம். ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக் கூடாது. பந்து கைக்கு வந்த 3 விநாடிக்குள் பாஸ் கொடுக்க வேண்டும் அல்லது கோலுக்கு எறிய வேண்டும். பந்தோடு தரையிறங்கும்போது முதலில் ஊன்றிய காலைத் தூக்கலாம், ஆனால் அதை மறுபடி தரையில் வைப்பதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். தடுக்கிறவர் பந்து வைத்திருப்பவரிடமிருந்து 0.9 மீட்டர், அதாவது 3 அடி தள்ளி நிற்க வேண்டும். கோர்ட் மூன்று பாகம். சட்டைக்கு மேலே மாட்டியிருக்கிற பிப் என்ற துணியில் உள்ள எழுத்துதான் யார் எந்தப் பாகத்துக்குள் போகலாம் என்பதைச் சொல்லும். கோல் போடும் உரிமை ஜி.எஸ். (கோல் ஷூட்டர்), ஜி.ஏ. (கோல் அட்டாக்) என்ற இரண்டு பேருக்கு மட்டும், அதுவும் 4.9 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டத்துக்குள் நின்று. கம்பத்தின் உயரம் 3.05 மீட்டர், வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது. 15 நிமிஷம் வீதம் நாலு சுற்று.

பந்தைத் தட்டி ஆடுவது இல்லை என்பதால் தரை சமமாக இருந்தால் போதும், சிமென்ட் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நம் பக்கத்துச் செம்மண் மைதானத்திலேயே ஆடலாம். கூடைப்பந்தை அந்தத் தரையில் தட்டிப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று தெரியும். அடுத்த சௌகரியம், எல்லோரும் ஒரே அளவு ஓட வேண்டியதில்லை. ஜி.எஸ்., ஜி.கே. (கோல் கீப்பர்) இருவரும் மூன்றில் ஒரு பாகத்துக்குள்ளேயே நிற்கிறவர்கள். சென்டர் ஆடுகிறவர் இரண்டு அரைவட்டங்களைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் ஓடுவார். நாற்பது வயதுக்காரரும் கல்லூரிப் பெண்ணும் ஒரே அணியில் நிற்க இந்த ஏற்பாடு இடம் தருகிறது. வேறு பல ஆட்டங்களில் இது சாத்தியமில்லை.

கூடைப்பந்து கோர்ட்டை முதலில் எடுத்துக்கொள்வோம், பலர் முதலில் யோசிப்பது அதைத்தான். அளவில் அது கிட்டத்தட்ட பொருந்திவிடும். கூடைப்பந்து கோர்ட் 28 மீட்டருக்கு 15 மீட்டர், நெட்பால் கோர்ட் 30.5 மீட்டருக்கு 15.25 மீட்டர். நீளத்தில் இரண்டரை மீட்டர் குறைகிறது. இருக்கிற 28 மீட்டரையே மூன்றாகப் பிரித்துச் சாக்பீஸால் கோடு போட்டால் ஒவ்வொரு பாகமும் ஒன்பதே கால் மீட்டருக்குச் சற்று மேல் வரும், உண்மையான அளவு பத்து மீட்டருக்குக் கொஞ்சம் மேல். பழகுவதற்கு இந்த வித்தியாசம் ஒன்றும் செய்யாது.

வளையம் வேறு கதை. இரண்டும் ஒரே உயரம்தான், ஆனால் கூடைப்பந்து வளையத்தின் உள்விட்டம் 450 மில்லிமீட்டர், நெட்பாலுக்கு 380. ஏழு சென்டிமீட்டர் குறைவு என்று கேட்கும்போது சின்ன விஷயமாகத் தெரியும். பலகையும் இல்லை என்று சேர்த்துப் பாருங்கள். பலகையில் அடித்து உள்ளே தள்ளிப் பழகிய கைக்கு, பந்தை உயரத் தூக்கி மேலிருந்து வளையத்துக்குள் இறக்கும் பழக்கம் வராது. கூடைப்பந்து வளையத்தில் கோல் போட்டுப் பழகுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பலகையில் பட்டு உள்ளே போனால் அதைக் கோலாக எண்ணாதீர்கள். வளையத்தின் முன் விளிம்புக்கு மேலாகச் சென்று நேராக விழுந்தால் மட்டும் எண்ணுங்கள்.

ஆளிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கூடைப்பந்து ஆடியவர்களுக்கு நெட்பால் சுலபமாக வரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். முதல் சில வாரம் அவர்கள்தான் அதிகம் திணறுகிறார்கள். பந்து கைக்கு வந்ததும் மணிக்கட்டு தன்னாலேயே தரையை நோக்கிப் போகும், கால் இரண்டடி எடுத்து வைத்துவிடும். தடுக்கும்போது ஆளோடு ஒட்டி நிற்பார்கள். விசில், விசில், மறுபடி விசில். அது பழகிவிட்டால் அவர்களிடம் ஓட்டமும் கோல் போடும் கையும் தயாராக இருக்கும், அந்த வகையில் நல்ல முதலீடு.

கோர்ட்டில் நேரம் கிடைப்பதுதான் கடினம். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் எந்தக் கூடைப்பந்து கோர்ட்டிலும் பையன்கள் இருப்பார்கள், அது அவர்கள் ஆட்டத்துக்கான இடம், அவர்களிடம் போய்ச் சண்டை போடுவது நியாயமும் இல்லை. காலை ஆறு மணிக்குப் போனால் கோர்ட் காலியாக இருக்கும். அந்த நேரத்தில் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், பள்ளி வேன் ஏழே முக்காலுக்கு வந்துவிடும். கோர்ட் காலியாக இருக்கிற நேரமும் நாம் காலியாக இருக்கிற நேரமும் ஒத்து வருவதில்லை. கல்லூரி விடுதியில் இருக்கிற பெண்ணுக்கு மட்டும் இது ஒத்து வரும்.

இப்போது த்ரோபால். நம் மாவட்டங்களில் பெண்களுக்கு மிகப் பழகிய பந்தாட்டம் இதுதான். ஆசிரியைகள், வங்கி ஊழியர்கள், மகளிர் குழுக்கள், அலுவலக விளையாட்டு விழா என்று எங்கே பார்த்தாலும் ஒரு த்ரோபால் அணி நிற்கும். அதன் அமைப்பைப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். பந்தை இரண்டு கையாலும் தவறாமல் பிடிக்க வேண்டும். பிடித்த 3 விநாடிக்குள் எறிந்துவிட வேண்டும். தோளுக்கு மேலிருந்து ஒரு கையால் எறிய வேண்டும். நெட்பாலில் புதியவர்களுக்கு மிகக் கஷ்டமாக இருக்கிற மூன்று விஷயங்கள், அதாவது பயப்படாமல் பந்தைப் பிடிப்பது, கையில் வைத்துக்கொண்டு யோசிக்காமல் விடுவது, நீளமாகத் தோள் பாஸ் கொடுப்பது, இவர்களுக்குக் கைவந்தவை. நெட்பால் கற்றுக்கொடுக்கிறவருக்குப் பாதி வேலை முடிந்துபோகிறது.

இல்லாதது ஓட்டமும் எதிராளியும். த்ரோபாலில் நடுவில் வலை நிற்கிறது, எதிர் அணி நம் பக்கம் வர முடியாது. பந்து வந்து சேரும் இடத்துக்கு இரண்டு எட்டு நகர்ந்தால் போதும். நெட்பாலில் மூன்றடி தள்ளி ஒருவர் இரண்டு கையையும் உயர்த்தி முகத்துக்கு நேரே நிற்பார். எங்கள் குழுவுக்குக் காரிமங்கலத்திலிருந்து வருகிற ஒரு அக்கா வருஷக்கணக்காக த்ரோபால் ஆடியவர். தலைக்கு மேல் வந்த பந்தை எம்பி இரண்டு கையிலும் வாங்கி, வலது காலில் இறங்கி, இடது காலை ஊன்றி, எறியத் தயாராக நிற்பார். இவ்வளவும் ஒரு விநாடிக்குள். அதற்குப் பிறகு இரண்டு விநாடி அப்படியே நிற்பார், ஏனென்றால் மற்ற ஆறு பேரும் நின்ற இடத்தில் நின்று பந்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களும் த்ரோபால்காரர்கள். "ஓடுங்கடி யாராவது!" என்று அவர் கத்துவதற்குள் விசில் வந்துவிடும்.

இதைச் சரி செய்ய நல்ல பயிற்சி ஒன்று உண்டு. த்ரோபால் கோர்ட்டின் ஒரு பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக் கோர்ட் 18.3 மீட்டருக்கு 12.2 மீட்டர், பாதி என்றால் ஏறக்குறைய ஒன்பதுக்குப் பன்னிரண்டு. மூன்று பேருக்கு எதிராக மூன்று பேர். கோல் கிடையாது. எதிரணி கையில் படாமல் தொடர்ந்து பத்து பாஸ் கொடுத்தால் ஒரு புள்ளி. நெட்பால் கால் விதியும் மூன்றடி விதியும் முழுக்க உண்டு. பந்து கையில் இல்லாத இரண்டு பேரும் நின்றால் மூன்றாவது பாஸிலேயே பந்து போய்விடும். ஆளை விட்டு விலகி ஓடுவது, பந்து வைத்திருப்பவர் கண்ணில் படும்படி இடம் பிடிப்பது, ஒரு பக்கம் ஓடுவதுபோல் காட்டி மறுபக்கம் திரும்புவது என எல்லாம் இதிலேயே வந்துவிடும். "பந்தைப் பாக்காதீங்க, காலி இடத்தைப் பாருங்க" என்று வெளியிலிருந்து ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தால் இன்னும் சீக்கிரம் வரும்.

த்ரோபால் வழியை நான் முதலில் வைப்பதற்கு ஆட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. த்ரோபால் குழுவில் இருக்கிற பெண் வீட்டில் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டார். செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் அம்மா கிரவுண்டுக்குப் போவார் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். தலைமை ஆசிரியரிடம் மைதானத்துக்கு அனுமதி வாங்கியாகிவிட்டது. வாட்ஸப்பில் குழு இருக்கிறது, யார் வருகிறார் யார் வரவில்லை என்று மதியமே தெரிந்துவிடும். நெட்பாலுக்கு முழு ஆட்டம் என்றால் பதினான்கு பேர் வேண்டும். புதிதாகப் பதினான்கு பெண்களை ஒரே நேரத்துக்கு ஒரே மைதானத்துக்கு வர வைப்பது எத்தனை பெரிய வேலை என்று முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு அணியாக ஆடுகிற த்ரோபால் குழுவில் அந்தப் பதினான்கு பேரும் ஏற்கெனவே நிற்கிறார்கள்.

குழுவைத் திருப்புவது என்றால் த்ரோபாலை விட்டுவிடச் சொல்வது என்று நினைத்துவிட வேண்டாம். அப்படிக் கேட்டால் யாரும் வர மாட்டார்கள், வரவும் வேண்டியதில்லை. பொங்கலுக்கும் மகளிர் தினத்துக்கும் த்ரோபால் போட்டி வரும், அதற்கு அவர்கள் ஆடுவார்கள். கடைசி அரை மணி நேரத்தை நெட்பாலுக்குக் கேளுங்கள். முதலில் அந்தப் பத்து பாஸ் ஆட்டம், பிறகு ஒரு கம்பத்தை நட்டு ஒரு பாகத்தில் மட்டும் ஆட்டம். பிடித்துப்போனால் அவர்களே ஒரு நாளை முழுதாக ஒதுக்குவார்கள்.

புதிதாகக் குழு சேர்ப்பவர்களுக்கும் இடம் உண்டு. பாலக்கோடு, பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை பக்கம் அரசுப் பள்ளி மைதானங்கள் பெரியவை, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் காலியாகக் கிடப்பவை பல. அதே பள்ளியில் பிள்ளைகளைப் படிக்க வைக்கிற தாய்மார்கள் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகக் கேட்டால் தலைமை ஆசிரியருக்கும் தைரியமாக இருக்கும். கூடவே, பி.டி. டீச்சரை முதல் நாளே சேர்த்துக்கொள்ளுங்கள். நாம் நடுகிற கம்பத்தில் காலையில் அந்தப் பள்ளிப் பெண்களும் ஆடலாம் என்று சொன்னால் அனுமதி எளிதாகும், அது அந்தப் பிள்ளைகளுக்கும் நல்லது. இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் ஆட்டப் பட்டியலில் நெட்பாலும் இருக்கிறது.

ஆனால் இந்த வழியில் எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும், முக்கியமாகக் கம்பம். கடையில் ஆர்டர் செய்வதைவிட வெல்டிங் பட்டறையில் செய்வது மலிவு, உறுதியும் அதிகம். விதிப்படி கம்பத்தின் விட்டம் 65 முதல் 100 மில்லிமீட்டர். மூன்று அங்குல ஜி.ஐ. பைப் இதற்குள் வரும். வளையத்துக்கு 15 மில்லிமீட்டர் கம்பி, உள்விட்டம் 380 மில்லிமீட்டர், கம்பத்திலிருந்து 150 மில்லிமீட்டர் முன்னால் தள்ளி நிற்க வேண்டும். ஜி.ஐ. பைப் 6 மீட்டர் நீளத்தில் வரும், இரண்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் 3 மீட்டர். நமக்கு வேண்டியது 3.05. அந்த 5 சென்டிமீட்டருக்காக இன்னொரு பைப் வாங்க வேண்டாம். அடியில் இரண்டு அங்குல ஆங்கிளில் ஒரு சட்டம் செய்து அதன்மேல் கம்பத்தை நிறுத்தினால் உயரம் சரியாக வந்துவிடும். சட்டம் கம்பத்துக்குப் பின்பக்கமாக மட்டும் நீள வேண்டும், ஏனென்றால் அடிப்பாகம் கோர்ட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பின்னால் நீளும் பகுதியில் மணல் மூட்டைகளை ஏற்றி வைத்தால் கம்பம் அசையாது. லாரி டயரில் கான்கிரீட் போட்டு நடுவில் கம்பத்தை நிறுத்தும் வழக்கம் வாலிபால் கம்பத்துக்குச் சரி, இதற்கு ஆகாது. கோலுக்குத் தாவுகிறவரின் கால் டயரில்தான் இடிக்கும்.

தர்மபுரியில் எங்களுக்குக் கம்பம் செய்த பட்டறை அண்ணன் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போர்டு எங்க வெக்கறது மேடம்?"

"போர்டு கிடையாதுங்ணா."

"அப்ப பந்து பின்னாடி போயிடுமே?"

"போனா வெளிய போன பந்துங்ணா. எதிர் டீமுக்குப் போயிடும்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வளையத்தின் வெல்டிங் பிசிறை ஃபைல் போட்டுத் தேய்த்துத் தன் விரலாலேயே சுற்றித் தடவிப் பார்த்துக் கொடுத்தார். தாவும்போது யார் கையாவது வளையத்தில் பட்டால் கிழிக்கும் என்று நாங்கள் சொல்லாமலே அவருக்குத் தோன்றியது. நீங்கள் செய்யச் சொல்லும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். கம்பத்தைச் சுற்றி ஸ்பாஞ்ச் கட்டுவதையும் விட்டுவிடாதீர்கள், 50 மில்லிமீட்டர் கனம் வரை கட்டலாம்.

"நான் குள்ளங்க்கா, எனக்கு இது வருமா?" என்பது புதிதாகச் சேர்பவர்கள் எல்லோரும் கேட்பது. உயரம் எவ்வளவு உதவும் என்பதற்கு யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் இருக்கிறார். 6 அடி 10 அங்குல உயரம். 2018-ல் ஆசியக் கோப்பையை வென்ற இலங்கை அணியின் கோல் ஷூட்டர். மற்றவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் பந்தை வாங்கி வளையத்துக்குள் போடுவார். ஆனால் அந்தப் பந்தை அவர் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க நடுவில் ஆடுகிறவர்கள் வேண்டும், அவர்களுக்கு உயரத்தைவிட வேகமும் சட்டென்று திரும்புகிற காலும்தான் தேவை. உயரம் குறைந்தவருக்கு விங் அட்டாக், விங் டிஃபென்ஸ், சென்டர் பிப்புகள் காத்திருக்கின்றன.

ஓசூர், பெங்களூரு வழியை நான் சீக்கிரமே கடந்துவிடுகிறேன். தர்மபுரியிலிருந்து ஓசூருக்குத் தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல், அங்கிருந்து பெங்களூரு இன்னும் நாற்பது. ஒரு மணி நேர ஆட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விடும். எப்போதாவது ஒரு நல்ல போட்டியை நேரில் பார்க்க, நடுவர்கள் எங்கே நிற்கிறார்கள், எப்போது விசில் ஊதுகிறார்கள் என்று கவனிக்கப் போய்வரலாம். வாராவாரம் போய் ஆடுவது கிருஷ்ணகிரிக்காரர்களுக்கும் சில மாதத்துக்கு மேல் தாங்காது.

அடுத்த தேர்வு எத்தனை பேர் ஆட்டம் என்பது. ஏழு பேர் ஆட்டத்தைத் தவிர ஃபாஸ்ட்5 என்ற வடிவமும் உண்டு. பக்கத்துக்கு ஐந்து பேர், 6 நிமிஷம் வீதம் நாலு சுற்று. விங் ஆட்டக்காரர்கள் இருவரும் இல்லை. அரைவட்டத்துக்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளிகூடக் கிடைக்கும். பத்து பேர் போதும், அரை மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும் என்பதால் புதியவர்கள் இதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். எனக்கு இதில் தயக்கம் உண்டு. கோர்ட் அதேதான், ஆள் மட்டும் குறைவு. ஒவ்வொருவரும் ஓட வேண்டிய தூரம் கூடுகிறது. வருஷக்கணக்கில் ஓடாத உடம்புக்கு ஏழு பேர் ஆட்டம்தான் இரக்கம் காட்டும். ஆள் குறைவாக இருக்கிற நாளில் முழுக் கோர்ட்டில் ஐந்து பேர் ஓடுவதைவிட, ஒரே பாகத்தில் மூன்று பேருக்கு மூன்று பேர் ஆடுங்கள். இருபது வயதுப் பெண்களுக்கு ஃபாஸ்ட்5 தாராளமாக ஆகும், அவர்களுக்கு அந்த வேகம் பிடிக்கவும் செய்யும்.

முழங்காலையும் கணுக்காலையும் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், நெட்பாலில் அடிபடுவது பெரும்பாலும் இந்த இரண்டும்தான். காரணம் கால் விதி. ஓடிக்கொண்டே எம்பிப் பந்தை வாங்கியவர் இறங்கிய இடத்திலேயே நிற்க வேண்டும், உடம்பின் வேகம் முழுவதையும் ஒரு முழங்கால் தாங்கும். அதனால் எந்த வழியில் தொடங்கினாலும், பந்தில்லாமல் எம்பி இறங்கும் பயிற்சியோடு தொடங்குங்கள். முழங்காலை மடக்கி, கால் விரல்கள் நோக்கும் திசையிலேயே முழங்காலும் இருக்கும்படி, முடிந்தபோதெல்லாம் இரண்டு காலிலும் இறங்குவது. முழங்கால் உள்பக்கமாகச் சாய்ந்தால் நிறுத்திச் சரி செய்யுங்கள். சிமென்ட் கோர்ட்டில் அதிர்வு அதிகம். மண் தரையில் அதிர்வு குறைவு, ஆனால் சரளை மேல் கால் வைத்தால் வழுக்கும். எங்கள் பக்கத்து மைதானங்களில் பொடிக்கல் மேலே வந்துகொண்டே இருக்கும். ஆட்டத்துக்கு முன் இரண்டு பேர் துடைப்பத்தோடு கோர்ட்டைப் பெருக்குவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சித்திரை வைகாசியில் தண்ணீர் தெளித்தால் புழுதியும் அடங்கும். ஷூ விஷயத்தில், நடைப்பயிற்சிக்கு வாங்கிய உயரமான மெத்தை ஷூவைப் போட்டுக்கொண்டு வராதீர்கள். பக்கவாட்டில் திரும்பும்போது கணுக்கால் மடங்கும். அடி தட்டையான, தரையோடு ஒட்டி நிற்கிற ஷூ வேண்டும். மண் தரைக்குக் கொஞ்சம் பள்ளம் வெட்டிய அடிப்பாகம்.

நகையைப் பற்றியும் முதல் நாளே பேசிவிடுவது நல்லது. விதிப்படி நகை அணிந்து ஆடக் கூடாது, திருமண மோதிரத்தை மட்டும் டேப் ஒட்டி அணியலாம். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். வளையல், தொங்கட்டான் எல்லாம் கழற்றிப் பையில் வைப்பதில் யாருக்கும் தயக்கம் இருக்காது. தாலிக்கொடியில்தான் தயங்குவார்கள். வற்புறுத்தாதீர்கள். நமக்குள் ஆடும் ஆட்டத்தில் அதை இறுக்கமான பனியனுக்குள் போட்டு, கழுத்தோரம் வெளியே தெரியாதபடி டேப் ஒட்டிக்கொள்ளலாம். இன்னொருவர் விரல் சங்கிலியில் மாட்டினால் இரண்டு பேருக்கும் அடி என்பதை விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். போட்டிக்குப் போகும்போது நடுவரின் முடிவுதான்.

பந்துக்கு அலைய வேண்டாம். நெட்பாலின் சுற்றளவு 69 முதல் 71 சென்டிமீட்டர், எடை 400 முதல் 450 கிராம். 5-ம் நம்பர் ஃபுட்பால் ஏறக்குறைய இதே அளவுதான். ஆயிரம் ரூபாய்க்குள் எந்த ஸ்போர்ட்ஸ் கடையிலும் கிடைக்கும், தொடங்க அது போதும். வாலிபால் எடை குறைவு, நீளப் பாஸில் காற்றில் அலையும். கூடைப்பந்து கனம், புதியவர்கள் விரல் நோகும். பிப்பைத் தையல்காரரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்ளலாம், இரண்டு நிறத்தில் ஏழு ஏழு. கோட்டுக்குச் சுண்ணாம்புப் பொடி.

பணத்தால் தீராத விஷயம் விசில். ஆட்டத்தில் சேராமல் விதியை மட்டும் பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்க வேண்டும். மூன்றடித் தூரத்தையும் கால் விதியையும் ஆரம்பத்திலேயே கறாராகப் பார்க்காத குழு, கொஞ்ச நாளில் கையால் பந்தைத் தூக்கி எறிந்து ஓடிப்பிடிக்கிற ஏதோ ஒரு ஆட்டமாக முடிந்துவிடும், பிறகு திருத்துவது கஷ்டம். ஓய்வுபெற்ற பி.டி. டீச்சர் யாராவது கிடைத்தால் பெரும் பாக்கியம். கிடைக்காவிட்டால் ஒவ்வொரு நாளும் ஒருவர் என்று முறை வைத்து ஊதுங்கள். ஊதியவர்தான் விதியைச் சீக்கிரம் கற்கிறார்.

யாருக்கு எது என்று இனிச் சொல்லலாம். த்ரோபாலோ கோ-கோவோ ஆடியிருந்து, இப்போது வேலையும் வீடும் இருக்கிறவர் என்றால், பக்கத்தில் த்ரோபால் குழு எங்கே ஆடுகிறது என்று விசாரித்து அதில் சேருங்கள், பிறகு அந்த அரை மணி நேரத்தைக் கேளுங்கள். அருகில் அப்படி எதுவும் இல்லாத ஊரில் இருக்கிறவர் பள்ளி மைதானத்தில் ஆறு பேரோடு தொடங்கலாம், பதினான்கு பேர் சேரும் வரை காத்திருக்கக் கூடாது. மாவட்ட விளையாட்டரங்கத்தில் இருக்கிற விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலகத்துக்குப் போய் மைதானம் ஒதுக்கிக் கேட்பதும் நல்லது, பத்துப் பெயர் எழுதிய மனுவோடு போனால் பேச்சுக்கு மதிப்பு இருக்கும்.

கல்லூரி மாணவிக்கு என் பதில் கூடைப்பந்து கோர்ட்தான். விடுதியில் இருந்தால் காலை நேரம் உங்களுடையது, பதினான்கு பேர் ஒரே கட்டடத்தில் தூங்குகிறார்கள். பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டிகளில் நெட்பாலும் உண்டு. இரண்டு மாவட்டக் கலைக் கல்லூரிகளும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. உங்கள் கல்லூரி உடற்கல்வி இயக்குநரிடம் முதல் செமஸ்டரிலேயே போய், அணி சேர்க்க நாங்கள் தயார் என்று சொல்லுங்கள். மூன்றாம் வருஷத்தில் போய்க் கேட்டால் காலம் கடந்திருக்கும்.

ஓசூரில் ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு இந்த இரண்டும் ஒத்து வராது. வாரத்துக்கு வாரம் நேரம் மாறும், பதினான்கு பேர் ஒன்றாகக் கிடைக்க மாட்டார்கள். ஆனால் வயது இருக்கிறது, ஓசூரின் குளிர்ந்த காற்று இருக்கிறது, பத்துப் பேர் எந்த நாளிலும் தங்குமிடத்தில் இருப்பார்கள். அவர்களுக்கு ஃபாஸ்ட்5 தான் பொருத்தம். குழுவில் இருபது பேரைச் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொருவரும் ஒன்றுக்கு இரண்டு இடம் ஆடப் பழகிக்கொள்ள வேண்டும். சென்டர் ஆடுகிறவருக்கு ஜி.டி.யும் (கோல் டிஃபென்ஸ்) ஆடத் தெரிந்திருந்தால் யார் எந்த ஷிப்டில் போனாலும் ஆட்டம் நிற்காது. இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்து சாயங்காலம் வருகிறவரை அன்றைக்குச் சென்டரில் நிறுத்தாதீர்கள், ஜி.எஸ்.ஸோ ஜி.கே.யோ கொடுங்கள்.